ஆர்வில் ஸ்டாம்பரின் அணையாத நெருப்பு

கென்டக்கி மலையில் நெட்டில் ஓடை நெடுகிலும் ஆர்வில் ஸ்டாம்பரைத் தெரியாதவர்கள் கிடையாது. தப்பித்தவறி யாருக்காவது தெரியாமலிருந்தால் அவரே வந்து தெரியப்படுத்திவிடுவார். பாதி ஆயுசு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அந்தக் காலமெல்லாம் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டே ஓட்டினார். ஓய்வு பெற்றபின் கேட்பதற்குப் பிள்ளைகள் இல்லாமல் போகவே கடவுளிடம் பேச ஆரம்பித்தார். பஸ் பிள்ளைகளைப் போலவே கடவுளாலும் நடுவழியில் இறங்கிப் போக முடியாது என்பது அவருக்கு வசதியாக இருந்தது.

இந்த உலகத்தில் அவருக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி. நெட்டில் ஓடை சபையில் டீக்கன் ஆக வேண்டும். டீக்கனுக்குச் சம்பளம் கிடையாது. காணிக்கைத் தட்டு தூக்க வேண்டும், விதவைகளை எட்டிப் பார்க்க வேண்டும், பாஸ்டரோடு மனஸ்தாபப்பட வேண்டும். ஆனால் முன்வரிசை பெஞ்சில் இடம் உண்டு. அந்த இடம் மூன்று தடவை காலியானது, மூன்று தடவையும் வேறு யாரையோ தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. ஆர்விலின் ஜெபத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்த சபைக்கு அதுவே பெரிய பாக்கியமாகப் பட்டிருக்கலாம்.

அந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் ஓர் இடம் காலியானது. ஜனவரிக் கடைசி ஞாயிறு கை தூக்கித் தேர்வு. போட்டிக்கு நின்றவர் தீவனக்கடை ஹோபார்ட் நீஸ். ஹோபார்ட் ஒரு நாளில் பேசுவதை ஆர்வில் காலைக் காப்பிக்கு முன்பே பேசி முடித்துவிடுவார். ஹோபார்ட் ஜெபித்தால் கண்ணை மூடுவதற்குள் ஆமென் வந்துவிடும். அதனாலேயே ஊருக்கு அவரைப் பிடித்திருந்தது, அதனாலேயே ஆர்விலுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

இந்த நேரம் பார்த்து சபைக் கட்டடத்து ஹீட்டர் உயிரை விட்டது. "புதன்கிழமை ஜெபக் கூட்டத்தை யார் வீட்டுலயாவது..." என்று பாஸ்டர் எஸ்டில் ஆரம்பிப்பதற்குள் ஆர்விலின் கை மேலே போய்விட்டது. அவர் வீட்டு முன்னறையில் புதிதாக ஒரு கணப்பு வந்திருந்தது. புகைபோக்கி தேவைப்படாத கேஸ் கணப்பு. அதை ஊருக்குக் காட்ட ஒரு சாக்கு வேண்டாமா.

அந்தக் கணப்பு வந்த கதையையும் சொல்லிவிடலாம். பழைய நிலக்கரி அடுப்பு இருந்த இடம்தான். புகைபோக்கிக்குள் செங்கல் உதிர்ந்து, குருவிகள் குடியேறி, கரி எரிக்க லாயக்கில்லாமல் கிடந்தது. ஆர்வில் நேராகப் போய் நிஜ மரக்கட்டை மாதிரியே செய்த பீங்கான் விறகுகளும் அடியில் கேஸ் பர்னரும் கொண்ட செட் ஒன்றை வாங்கி வந்தார். கடையில் இருந்ததிலேயே பெரியது. அறை சின்னது என்று டெல்ஃபியா சொன்னாள். அவள் அவர் மனைவி. ஷாம்பு பாட்டிலில் இருக்கும் எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறவள். ஆர்விலோ எந்தப் பொருளோடும் வரும் காகிதத்தைப் பிரித்துப் பார்ப்பது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்று நினைக்கிறவர்.

தோட்டத்து டேங்கிலிருந்து குழாய் இழுத்துக் கொடுக்க கேஸ்காரர் லைல் வந்தார். இணைப்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்து, பற்றவைத்துக் காட்டினார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இந்த ரூமுக்கு இது ரொம்பப் பெருசு ஆர்வில். மாத்திச் சின்னது வாங்கு."

"சின்னது வாங்கி என்ன பண்ண, உள்ளங்கையில வச்சுக் குளிர் காயவா?"

"சரி, உன் இஷ்டம். அப்ப இதைக் கேட்டுக்க. இது எரியுறப்ப அந்த ஜன்னல் ஒரு இன்ச்சாவது திறந்திருக்கணும், உள்கதவையும் சாத்தாத. புகைபோக்கி இல்லைன்னா அதுக்குக் காத்தே வேண்டாம்னு அர்த்தமில்ல. நீ மூச்சு விடுற அதே காத்தைத்தான் அதுவும் குடிக்குது. விறகுக் கட்டைய எப்படி வச்சிருக்கேனோ அப்படியே விட்டுடு, அழகு பண்றேன்னு நகர்த்தாத, கரி பிடிக்கும். தூங்கப் போறப்ப அணைச்சிடு. காத்து பத்தலைன்னா எரியுற கேஸே விஷமாகும், வாசனைகூட வராது, அதுக்கு நடையில ஒரு அலாரம் மாட்டு." பர்னர் ஓரத்தில் நின்ற பொடிச் சுடரைக் காட்டினார். "இது வெறும் பத்தவைக்கிற சுடர் இல்ல, காவக்காரன். ரூம்ல ஆக்ஸிஜன் குறைஞ்சா தானா அணைஞ்சு மொத்தத்தையும் நிறுத்திடும். அணைஞ்சா திட்டாத, தேங்க்ஸ் சொல்லு."

"சொல்லிட்டாப் போச்சு" என்றார் ஆர்வில். லைலின் வண்டி வளைவு திரும்புவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

முதலில் ஜன்னல். காசு கொடுத்துக் கேஸ் வாங்கி மலையைச் சூடேற்ற அவர் என்ன ஏமாந்தவரா. ஜன்னல்களை இறுக்கச் சாத்தி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, டெல்ஃபியாவின் ஹேர் டிரையரால் சூடு காட்டி மத்தளத் தோல் மாதிரி விறைக்கச் செய்தார். கதவடியில் துண்டைச் சுருட்டிச் செருகினார். அடுத்தது விறகு. நீலமாகப் படிந்து எரிந்த தீ அவர் கண்ணுக்குச் சமையலறை அடுப்பு மாதிரி பட்டது. கட்டைகளைப் புரட்டி ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து, ஒன்றை நட்டுக்குத்தாக நிறுத்தினார். தீ மஞ்சளாக, உயரமாக, படத்தில் வருவது போல ஆடியது. எச்சரிக்கை பொறித்த உலோகத் தகடு ஒன்று சங்கிலியில் தொங்கி அழகைக் கெடுத்தது. அதை வெட்டி எறிந்தார். ஒரு வாரத்தில் கணப்புக்கு மேலே சுவரில் கறுப்புப் படிந்தது. டெல்ஃபியா வாசனை மெழுகுவத்தி ஏற்றுவதால்தான் என்று ஆர்வில் தீர்ப்புச் சொன்னார். அவள் மெழுகுவத்தியை நிறுத்தினாள். கறுப்பு நிற்கவில்லை. அதைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை.

டெல்ஃபியா தன் பங்குக்கு ஓர் அலாரம் வாங்கி நடையில் மாட்டினாள். மனைவியின் அற்பத் திருப்திக்குக் குறுக்கே நிற்க வேண்டாம் என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட முன்னறையில்தான் புதன்தோறும் சபை வந்து அடைந்தது. சோபா கைப்பிடியிலெல்லாம் ஆள். கோட்டைக் கழற்றி, தீயைப் பார்த்து, "சொர்க்கம் பிரதர் ஆர்வில், சொர்க்கம்" என்றார்கள். அந்தச் சொல்லுக்காகவே பிறந்தவர் போல ஆர்வில் பூரித்தார். பாட்டு, சாட்சி, பாஸ்டரின் செய்தி. யார் வீட்டில் கூட்டமோ அவர்தான் முடிவு ஜெபம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆர்வில் எழுந்து கண்ணை மூடி, ஜனாதிபதியில் ஆரம்பித்து, படைவீரர்களைக் கடந்து, ஓடையின் ஒவ்வொரு வீட்டு வாதம் பித்தம் மூட்டுவலியாக இறங்கி வந்துகொண்டிருந்தபோது "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். நெருப்பு அணைந்திருந்தது.

முதல் வாரம் சிரித்தார்கள். அடுத்த வாரமும் அவர் ஜெபத்தின் நடுவிலேயே அணைந்தது. அதற்கும் அடுத்த வாரம் அவர் வாயைத் திறந்ததுமே சிலர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். பாட்டுக்கு அணையவில்லை. பாஸ்டர் எஸ்டில் எவ்வளவு கத்தினாலும் அணையவில்லை. ஹோபார்ட் இடையில் எழுந்து இரண்டு வாக்கியம் ஜெபித்தபோது ஜம்மென்று எரிந்தது. எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேட யாரும் லைலிடம் போகவில்லை.

"மேல இருக்கறவருக்கே போதும்னு ஆயிடுச்சு போல" என்றார் தபால் ஆபீஸ் வரிசையில் ஒருவர்.

"ஹோபார்ட் ஜெபிச்சா குளிர் காயலாம், ஆர்வில் ஜெபிச்சா கோட்டு தேடணும்" என்றார் இன்னொருவர். ஆர்வில் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து ஆர்வில் சாப்பிடவில்லை. பீன்ஸும் சோளரொட்டியும் தட்டில் ஆறிப் போயின.

"என் ஜெபத்தை அவர் தள்ளிட்டாரா டெல்ஃபியா?"

"அவரு ஒண்ணும் தள்ளல. நீ கடைசியா ஜெபிக்கிற. அதுக்குள்ள அத்தனை பேரும் அந்த நெருப்பும் சேந்து ரூம் காத்தைக் குடிச்சு முடிச்சிருக்கும். உனக்கு முன்னாடி ஹோபார்ட் எந்திரிக்கிறதால அவருக்கு மிச்சம் இருக்கு, உனக்கு இல்ல. லைல் சொன்னானே, காவக்காரன்னு. அது வேலையைத்தான் அது பாக்குது. ஜன்னலைத் திற."

"அப்ப என் ஜெபம் நல்லாத்தான் இருக்குங்கற."

"நீளமா இருக்குங்கறேன்."

அடுத்த புதன் அவளே பிளாஸ்டிக்கின் ஓரத்தை உரித்து, ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து, திரையை இழுத்துவிட்டாள். நெருப்பு அன்று அவர் எழுந்து நிற்கும்வரை ஜோராக எரிந்தது. ஆர்விலுக்குக் கழுத்தில் சில்லென்று பட்டது. ஜெபத்துக்கு முன் திரையை விலக்கிப் பார்த்து, "எவனோ ஜன்னலைத் திறந்து போட்டிருக்கான், வயசானவங்க இருக்கற இடத்துல" என்று அறைந்து சாத்தினார். பிறகு ஜனாதிபதியிலிருந்து ஆரம்பித்தார். மூட்டுவலிக்கு வரும்போது டக்கென்றது.

தேர்வுக்கு முந்தைய கடைசிப் புதன் நெருங்கியது. ஆர்வில் தூக்கமில்லாமல் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். காவல்காரன்தானே தொந்தரவு. செவ்வாய்க்கிழமை டெல்ஃபியா கடைக்குப் போயிருந்தபோது ஸ்க்ரூ டிரைவரோடு கணப்புக்கு முன் மண்டியிட்டார். அந்தச் சுடர் எந்தக் காரணம் கொண்டும் அணையாதபடி ஏதோ செய்தார். என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். படிக்கிறவர்களிலும் ஆர்வில்கள் இருப்பார்கள்.

அந்தப் புதன் இரவு பனி கொட்டியது. கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ஆர்விலின் நெருப்பு இன்று எப்போது அணையும் என்று பார்க்கவே சிலர் வந்திருந்தார்கள். கணப்புக்குப் பக்கத்தில், நல்ல நாற்காலியில், ஓமா ஃபியூகேட்டை உட்காரவைத்தார்கள். ஓமா அக்காவின் கணவர் கிளெல் சுரங்கத்தில் வேலை செய்து நெஞ்சு கெட்டுப்போய் இலையுதிர்காலத்தில் இறந்தவர். அதற்குப்பின் அந்த அம்மாள் சபையில் பாடியதில்லை, அழுததுமில்லை. கூட்டம் முடிந்ததும் தட்டில் வைப்பதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

டெல்ஃபியா பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சமையலறையில் ஆப்பிள் அடுக்கு கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். ஆர்வில் எழுந்தார். ஜனாதிபதி ஆயிற்று. படைவீரர்கள் ஆயிற்று. மூட்டுவலி ஆயிற்று. நெருப்பு அணையவில்லை. ஆர்வில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். மஞ்சளாக, உயரமாக நின்று ஆடியது. உடனே அவருக்குள் ஏதோ மடை திறந்தது. இதுவரை தொடாத சீனாவைத் தொட்டார், மிஷனரிகளைத் தொட்டார், போட்டியாளர் ஹோபார்ட்டைக்கூடப் பெயர் சொல்லி ஆசீர்வதித்தார். நடையில் அலாரம் வீறிட்டது.

"கத்தட்டும்" என்று முழங்கினார் ஆர்வில். "இந்த ஜெபம் பிடிக்காத சாத்தான் கத்துறான். அவன் கத்தட்டும், நாம நிறுத்தக் கூடாது."

"ஆமென்" என்றது அறை. அந்த ஆமென் வழக்கத்தைவிடக் குழறலாக வந்தது. பலருக்குத் தலை கனத்தது, கண் செருகியது. பரிசுத்த ஆவி இறங்கும்போது கனக்கத்தானே செய்யும் என்று இருந்தார்கள். ஹோபார்ட் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார். பாவம் வெளியே போகிறது என்று பின்னால் ஒருவர் சொன்னார்.

எங்கள் சபையில் ஆவி வந்து யாரும் விழுவதில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துச் சபையில்தான் விழுவார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துத்தான் நாங்கள் எங்கள் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். அன்று ஓமா அக்கா, மடித்து வைத்த போர்வை சரிவது போல, நாற்காலியிலிருந்து சத்தமில்லாமல் கீழே சரிந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. "கிளெல்" என்றார். அடுத்து பியானோக்காரப் பெண் விழுந்தாள். அடுத்து பாஸ்டரின் மைத்துனர். விழாதவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள்.

அந்த முழக்கத்துக்கு நடுவே அலாரத்தை அப்போதுதான் பிரித்துக் கேட்டு, டெல்ஃபியா கேக் கத்தியோடு உள்ளே வந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேஸ் வால்வைத் திருகி மூடினாள். ஜன்னல் பிளாஸ்டிக்கைக் கத்தியால் மேலிருந்து கீழே கிழித்தாள். வாசல் கதவை விரியத் திறந்தாள்.

"எல்லாரும் வெளிய போங்க. கேஸ். எந்திரிங்க, வெளிய போங்க. பாஸ்டர், ஓமா அக்காவைத் தூக்குங்க, பேசிக்கிட்டு நிக்காதீங்க."

பனியில் கொண்டுபோய்ப் போட்டதும் விழுந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண் திறந்தார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யப் போன டெல்ஃபியாவை பாஸ்டர் எஸ்டில் மறித்தார். "கர்த்தர் தொட்டதுக்கு ஆம்புலன்ஸா சிஸ்டர்? உங்களுக்கு இந்த மாதிரி சத்தம் போடுற ஆராதனை எப்பவுமே பிடிக்காது, எனக்குத் தெரியும்." ஓமா அக்கா வேலிக்கம்பைப் பிடித்தபடி நின்று, மாதக் கணக்கில் முதல்முறையாக அழுதுகொண்டிருந்தார். "பாத்தேன்" என்றார். "கிளெலைப் பாத்தேன்." அதற்குமேல் கேஸ் என்ற சொல்லை யார் காதில் வாங்குவார்கள். முற்றத்துப் பனியில் நின்று பாடினார்கள். ஆர்வில் வாசற்படியில் நின்றார். டெல்ஃபியா அவரைப் பார்த்தாள். அவர் வேறு எங்கோ பார்த்தார்.

வியாழக்கிழமை காலையிலிருந்து போன் ஓயவில்லை. நெட்டில் ஓடையில் ஆவி இறங்கிவிட்டது, சபைப் பேச்சில் சொன்னால் எழுப்புதல் வந்துவிட்டது. பாதி ஊருக்குத் தலைவலி, அதையும் பெருமையாகச் சொன்னார்கள். பாஸ்டர் எஸ்டில் அழைத்தார்.

"ஞாயித்துக்கிழமை உங்க பேரைச் சொன்னா ஒரு கை கீழ இருக்காது பிரதர். அடுத்த புதனும் உங்க வீடுதான். மூணு சபையில இருந்து வர்றாங்க. ஒண்ணு மட்டும். அந்த ரூம்ல எதையும் மாத்திடாதீங்க. ஜன்னல், கதவு, நெருப்பு, எல்லாம் அப்படியே இருக்கட்டும்."

போனை வைத்த ஆர்விலின் முகத்தில் கல்யாணக் களையும் காய்ச்சல் களையும் சேர்ந்து இருந்தன. டெல்ஃபியா கிழிந்த பிளாஸ்டிக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணினே அந்தச் சுடரை?"

அவர் சொன்னார். அவள் சுருட்டிய பிளாஸ்டிக்கைக் குப்பைக்கூடையில் திணித்தாள்.

"லைலைக் கூப்பிட்டிருக்கேன்" என்றாள். "அவன் சரிபண்ணிட்டுப் போவான். நீ அவங்ககிட்ட என்ன சொல்லப் போற?"

"அதான் லைல் சரிபண்ணப் போறானே. புதன்கிழமை ஜன்னலைத் திறந்து வச்சிடலாம். யாரும் விழ மாட்டாங்க, அவ்வளவுதான. ஆவி எல்லா வாரமுமா வரும். எதுக்கு இப்ப போய்ச் சொல்லி..."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் உண்மைய ஃப்ரிட்ஜுல வச்சிருக்கப் போற."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்" என்றார் ஆர்வில். பிறரைக் கொல்லாமலே டீக்கன் ஆக ஒரு வழி இருக்கும்போது அதை விடுவது மடத்தனம் என்று அவருக்கு உண்மையாகவே தோன்றியது. லைல் வந்தார். பிரித்துப் பார்த்தார். ஆர்விலை ஒரு வார்த்தை திட்டவில்லை. விறகுகளைத் துடைத்து, பழையபடி அடுக்கி, காவல்காரனைத் திரும்ப வேலைக்கு வைத்துவிட்டு, "எத்தனை பேரு இருந்தாங்க உள்ள?" என்று மட்டும் கேட்டார். ஆர்வில் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பத்தைத் தாண்டியதும் நிறுத்தினார்.

வெள்ளி மாலை ஓமா அக்கா போன் செய்தார். குரலில் இருபது வயது குறைந்திருந்தது.

"ஆர்வில், உன்னோடது மாதிரியே ஒண்ணு வாங்கிட்டேன். அதே சைஸ். படுக்கையறைல வைக்கணும், அங்கயும் பழைய கரியடுப்பு இருக்கு. கேஸ் குழாய்கூட அதுவரைக்கும் வருது. நாளைக்கு வந்து மாட்டிக் கொடு. உன் வீட்டுல எப்படி இருந்துச்சோ, கட்டையெல்லாம் எப்படி வச்சிருந்தியோ, அதே மாதிரி. ஜன்னலுக்கெல்லாம் நானே பிளாஸ்டிக் ஒட்டிட்டேன்."

ஆர்வில் போனைக் கீழே வைத்தார். டெல்ஃபியா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் எதிர்த்துப் பேசித் தப்பித்திருப்பார்.

சனிக்கிழமை போனார். படுக்கையறை ஒரு பெட்டி மாதிரி இருந்தது. பீங்கான் விறகுகள் அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டுக் கட்டில்மேல் வரிசையாகக் கிடந்தன. கட்டிலில் ஒரு பக்கம் மட்டும் படுத்த தடம் இருந்தது. ஓமா காப்பி கொண்டுவந்தார். ஆர்வில் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, இதை மாட்ட மாட்டேன். படுக்கையறைல இவ்வளவு பெருசு மாட்டவே கூடாது. அன்னிக்கு நடந்தது... அது ஆவி இல்ல. நான் அந்த நெருப்புல கை வச்சேன். அணையக் கூடாதுன்னு. கேஸ்தான் உங்களை விழவச்சுது."

ஓமா காப்பியை மேசைமேல் வைத்தார்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

ஆர்வில் நிமிர்ந்து பார்த்தார்.

"சுரங்கக்காரன் பொண்டாட்டி நான். கெட்ட காத்துன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா. கிளெலை ரெண்டு தடவை அதுலேர்ந்து இழுத்துட்டு வந்து போட்டாங்க என் வாசல்ல. தலை கனக்கும், முழங்கால் போகும். தெரியும். நாற்காலில உக்காந்துக்கிட்டே தெரியும்."

"அப்ப ஏன் எந்திரிச்சு வரல?"

"அவரு வந்துட்டாரே" என்றார் ஓமா. "சட்டைல ஒரு பட்டனைத் தப்பாப் போட்டுக்கிட்டு, எப்பவும் போல. வா உக்காருன்னேன். கெட்ட காத்துல வந்தா என்ன, நல்ல காத்துல வந்தா என்ன, வந்தது அவருதான். நல்ல காத்துல நாலு மாசமா உக்காந்திருக்கேன் ஆர்வில். ஒரு தடவை வரல. மாட்டிக் கொடு."

"மாட்டேன் அக்கா."

"நீ ஊருக்கே செஞ்ச. எனக்குச் செய்ய மாட்டியா?"

ஆர்வில் கட்டிலுக்குக் குனிந்தார். விறகுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தார். பர்னரைத் தூக்கினார். பெட்டியை வண்டிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து ஜன்னல் பிளாஸ்டிக்கைக் கிழித்தார். ஓமா தடுக்கவில்லை. "என் வீட்ட விட்டுப் போ" என்றார் கடைசியில். "நாளைக்கு அந்த முன்வரிசை பெஞ்சுல போய் உக்காரு. போ." ஆர்வில் வண்டியில் ஏறி, வெகுநேரம் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. இரவல் ஹீட்டர்கள் இரண்டு ஓரத்தில் உறுமின. பாஸ்டர் எஸ்டில் ஆர்விலின் பெயரைச் சொன்னதும் கைகள் எழத் தொடங்கின. ஆர்வில் எழுந்து நின்றார்.

"கையை இறக்குங்க. நான் ஒண்ணு சொல்லணும். புதன்கிழமை வந்தது ஆவி இல்ல. கேஸ். அணையாம இருக்கறதுக்காக நான்தான் அதைக் கெடுத்து வச்சேன், டீக்கன் ஆகணும்னு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா உங்கள்ல பாதிப் பேரு இங்க உக்காந்திருக்க மாட்டீங்க. டெல்ஃபியா சொன்னா, நீங்க கேக்கல. நானும் வாயத் திறக்கல."

அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான். அதன் பலன் உடனே தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர், "பாத்தீங்களா, பெருமையே இல்லாத மனுசன்" என்று கண்ணைத் துடைத்தார். "இந்தத் தாழ்மைக்கே கொடுக்கணும்" என்றார் இன்னொருவர். பாஸ்டர் எஸ்டில் மேடையிலிருந்து கனிவோடு சிரித்தார்.

"பிரதர் ஆர்வில், ஒரு கேஸ் அடுப்பு அத்தனை பேரையும் அழவைக்குமா? சிஸ்டர் ஓமா தன் புருசனைக் கண்ணால பாத்தாங்க. அடுப்பா கொண்டுவந்து காட்டுச்சு? புதன்கிழமை அங்கதான் கூடுறோம், அதே ரூம்லதான், ஜன்னலைக்கூட நானே வந்து சாத்துறேன்." கைகள் மறுபடி எழுந்தன. ஆர்வில் டெல்ஃபியாவைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது. உண்மையைச் சொன்னாலும் டீக்கன் ஆக்கிவிடுவார்கள், அதே அறையில் மறுபடி போய் அடைவார்கள் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை.

நடு பெஞ்சில் ஓமா ஃபியூகேட் எழுந்தார். எழுந்து நிற்கவே சிரமப்பட்டார். சபை அடங்கியது.

"நான் யாரையும் பாக்கல" என்றார்.

பாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இருங்க பாஸ்டர். தலை சுத்திச்சு, விழுந்தேன். ராத்திரி முழுக்க வாந்தி. சுரங்கத்துல வர்ற அதே கெட்ட காத்து. இந்த ஓடைல பாதி வீட்டுல அது என்னன்னு தெரியும், தெரியாத மாதிரி உக்காந்திருக்கீங்க. கிளெல் செத்துட்டாரு. அவரு வரல. அன்னிக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன். ஆர்வில் சொல்றதுதான் நிசம். அந்த ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. சுரங்கத்தில் வேலை செய்த கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். பாஸ்டர் எஸ்டில் ஹோபார்ட் நீஸின் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள். ஆர்விலும் தூக்கினார். கண்ணீர் மோவாய்வரை வந்ததை அவர் துடைக்கவில்லை. பட்டன் விஷயம் அந்தச் சபையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஓமா கை தூக்கவில்லை. முன் பெஞ்சின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அழாமல் உட்கார்ந்திருந்தார்.